ஊட்ஸ் உருக்கில் கத்தி: மூசை முதல் வரி தெரியும் வரை

லாரி ஸ்பிரிங் பட்டாவிலும் பேரிங் ஸ்டீலிலும் கத்தி அடித்துக் கை பழகியவர்கள் ஊட்ஸ் என்ற பழைய உருக்கின் பக்கம் வரும்போது, பழைய பழக்கத்தில் பாதியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். பட்டாவை மஞ்சள் நிறம் வரை சூடாக்கி ஓங்கி அடிக்கலாம், அது தாங்கும். அதே சூட்டில் ஊட்ஸ் கட்டியை அடித்தால் உடைந்த வெல்லம்போல் உதிரும். இதில் கார்பன் 1.5 சதவீதம், பட்டாவில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

கடைகளில் டமாஸ்கஸ் என்று விற்கும் கத்திகளில் இரண்டு வகை ஸ்டீலை அடுக்கி, ஒட்ட அடித்து, அந்த அடுக்கையே வரியாகக் காட்டுகிறார்கள். ஊட்ஸில் அடுக்கு ஏதும் கிடையாது. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருகி மெதுவாக உறைந்த ஒரே கட்டியிலிருந்துதான் வரி வருகிறது. தமிழில் உருக்கு, கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு, ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ். தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் இதன் பழைய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் சேலம் பகுதியில் ஆவாரை விறகுத் துண்டையும் எருக்கிலையையும் இரும்போடு மூசையில் அடைத்து உருக்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

வரி எப்படி வருகிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்க வேண்டாம், எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. உருகிய உருக்கு உறையும்போது மரக்கிளைபோல் படிகங்கள் வளரும். வனேடியம் போன்ற சில தனிமங்கள் துளியளவு இருந்தாலும் கிளைகளுக்கு இடையே கடைசியாக உறையும் இடத்தில் போய்ச் சேரும். பிறகு பதமான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது, சிமென்டைட் என்ற கடினமான கார்பைடு அந்த வனேடியம் சேர்ந்த இடங்களில் மட்டும் வரிசை கட்டிப் பெருக்கும். அந்த வரிசைதான் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை வரி. அயோவா பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் புளோரிடா கொல்லர் ஆல்ஃப்ரட் பெண்ட்ரேயும் சேர்ந்து 1990-களில் இதை விளக்கினார்கள். 0.004 சதவீத அளவு வனேடியமே போதும் என்று அவர்கள் காட்டியது இந்தத் தொழிலுக்குப் பெரிய திருப்பம். நல்ல இரும்பும் சரியான கார்பனும் இருந்தும் வரி வராமல் போன பல முயற்சிகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சரக்குக் கணக்கு

முதல் முயற்சிக்கு 2 கிலோ போதும். அதற்கு மேல் போனால் உலை பெரிதாக வேண்டும், கட்டியைக் கையால் அடிப்பதும் சிரமம்.

தூய இரும்பு 1,400 கிராம். கார்பனும் கந்தகமும் மிகக் குறைந்த மென்மையான இரும்பாக இருக்க வேண்டும். துருவையும் பெயின்ட்டையும் கிரைண்டரில் முழுக்க எடுத்துவிடுங்கள். இதோடு, நெகிழ்வார்ப்பு (டக்டைல் அயர்ன்) செய்யும் வார்ப்படச் சாலைகள் வாங்கும் உயர்தூய பிக் அயர்ன், அதாவது கார்பன் மிகுந்த ஊதுலை இரும்பு, 600 கிராம். அதில் கார்பன் 4.2 சதவீதம் என்றால் 25.2 கிராம் கார்பன் கிடைக்கும். பாக்கிக்கு நன்றாக எரித்த மரக்கரி 6 கிராம் போட்டால் ஏறத்தாழ 4.7 கிராம் சேரும். மொத்தம் 30 கிராமை ஒட்டி, அதாவது 2 கிலோவுக்கு 1.5 சதவீதம். கிராஃபைட் கலந்த மூசையாக இருந்தால் அதன் சுவரிலிருந்தும் கொஞ்சம் கார்பன் ஏறும். முதல் கட்டியில் கரியைப் போடாமல் பார்த்து, அடுத்ததில் கணக்கைத் திருத்திக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கில் அலட்சியம் கூடாது. கார்பன் 0.1 சதவீதம் மாறினாலும், பின்னால் அடிக்க வேண்டிய சூட்டின் எல்லை ஏறத்தாழ 30 டிகிரி நகர்ந்துவிடும். 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் கையில் இருப்பது வார்ப்பிரும்பு. அதை எந்தச் சூட்டிலும் அடித்து நீட்ட முடியாது.

பிக் அயர்னோடு வரும் சோதனைச் சான்றிதழில் வனேடியம் எவ்வளவு என்று பாருங்கள். போதாவிட்டால் 80 சதவீத வனேடியம் உள்ள ஃபெர்ரோவனேடியம் என்ற இரும்புக் கலவை 0.25 கிராம் போதும், அது 2 கிலோவுக்கு 0.01 சதவீதம் ஆகும். இதை நகைக்கடைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். பாஸ்பரசும் கந்தகமும் ஒவ்வொன்றும் 0.03 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பழைய மோட்டார் கூடு, தண்ணீர்க் குழாய் போன்ற வார்ப்பிரும்புக் கழிவை மலிவு என்று போடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கட்டி சூட்டிலேயே பிளக்கும்.

மேலே மூட, உடைத்த கண்ணாடிப் பாட்டில் 80 முதல் 100 கிராம். அது உருகி மூடிபோல் நின்று காற்றைத் தடுக்கும்.

உருக்குதல்

மூசை ஒரு லிட்டர் கொள்ளளவாவது இருக்கட்டும். உருகிய 2 கிலோ 300 மில்லியைத் தாண்டாது, ஆனால் துண்டுகளாக அடுக்கும்போது இடம் பிடிக்கும். அடியில் பிக் அயர்னும் கரியும், அதன்மேல் இரும்பு, நடுவில் ஃபெர்ரோவனேடியப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி. களிமண் மூடியை உமி கலந்த மண்ணால் பூசி, 3 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மூடியைத் தூக்கிவிடும். பூசிய மூசையை 200 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தாமல் உலையில் வைக்கவே கூடாது. உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். அதே காரணத்தால் உலைப் பக்கம் தண்ணீர் வாளி வைக்காதீர்கள், உலர்ந்த மணல் வையுங்கள்.

ஊதுகாற்றோடு எரியும் கேஸ் உலை இதற்குச் சரியாக இருக்கும். திறந்த வெளியில் வையுங்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. உலைப் பூச்சிலிருந்து வரும் பீங்கான் இழைத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி வேண்டும். வெப்பநிலையை 1,500 டிகிரி செல்சியஸ் வரை ஏற்ற வேண்டும். சூட்டை அளக்கும் வெப்ப இணையில் (தெர்மோகப்பிள்) சாதாரண கே வகை இங்கே கருகிவிடும், எஸ் வகையை வாங்குங்கள். பச்சை வெல்டிங் கண்ணாடி இல்லாமல் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

உருகியதா என்று தெரிந்துகொள்ள, குறட்டால் மூசையை மெல்லப் பிடித்து ஒரு முறை ஆட்டுங்கள். துண்டுகள் மிச்சம் இருந்தால் தட்டும். முழுக்க உருகியிருந்தால் பால் செம்பை ஆட்டும்போது வரும் மெல்லிய அசைவு கையில் தெரியும். அதன் பிறகு 15 முதல் 20 நிமிடம் அதே சூட்டில் நிற்கட்டும். மூடித் துளையில் சுடர் படபடப்பது அடங்கினால் வாயு வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு கேஸை நிறுத்தி, காற்றை நிறுத்தி, எல்லாத் துவாரங்களையும் அடைத்து, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் கிளைப்படிகம் நுணுக்கமாகிவிடும். அடித்து மெலிந்த பிறகு வரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருங்கிவிடும்.

மறுநாள் மூசையை உடைத்ததும் கட்டியின் மேல்முகத்தைப் பாருங்கள். நடுவில் சற்றுக் குழிந்து, கூர்முனைகளோடு நட்சத்திரம்போல் படிகக் கிளைகள் பரவியிருந்தால் நல்ல அறிகுறி. மேல்முகம் உப்பி, ஊசித்துளை தெரிந்தால் வாயு உள்ளே சிக்கியிருக்கிறது. அந்தக் கட்டியை அடிக்காதீர்கள், அடுத்த உருக்கலில் சேருங்கள். அரம் சறுக்கி, உடைத்த முகம் வெள்ளையாகப் பளபளத்தால் கார்பன் ஏறிவிட்டது.

அடித்து நீட்டுதல்

முதலில் கட்டியை சூடான இரும்பிலிருந்து உதிரும் செதிலின் பொடியில் புதைத்து, மண் பூசி, 1,100 டிகிரியை ஒட்டி 4 முதல் 6 மணி நேரம் காய்ச்சுங்கள். வெளித்தோலில் கார்பன் குறைந்து மென்மையான இரும்பு உறை உண்டாகும். முதல் அடிகளைத் தாங்குவது அந்த உறைதான். உள்ளே படிக எல்லைகளில் வலைபோல் நின்ற சிமென்டைட்டும் கரையும். வனேடியம் மட்டும் இடம் மாறாது, அது இரும்புக்குள் மிக மெதுவாகத்தான் நகரும்.

இனி ஒரு எண்ணை மனதில் வையுங்கள். 1.5 சதவீதக் கார்பனுக்கு ஏறத்தாழ 970 டிகிரியில் சிமென்டைட் முழுக்கக் கரைந்துவிடும். ஆகவே மேல் எல்லை 900 முதல் 920. கீழ் எல்லை 750, மங்கல் சிவப்பு வந்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பி இந்த இடைவெளியில் நிற்க முடியாது. பகல் வெளிச்சத்தில் 950-உம் 850-ஐப்போல் தெரியும். கேஸ் உலைக்குள் கட்டி நுழையும் அளவுக்கு ஒரு தடித்த இரும்புக் குழாயைப் படுக்க வைத்து, அதற்குள் கட்டியையும் கே வகை வெப்ப இணையையும் வைத்தால் சுடர் நேரடியாகப் படாது, சூடும் சீராக இருக்கும். கருவியைச் சரிபார்க்கச் சமையல் உப்பு உதவும். அது 801 டிகிரியில் உருகும். கம்பியின்மேல் ஒரு சிட்டிகை தூவி, அது கண்ணாடிபோல் பரவும் கணத்தில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

உலையில் ஒரு முறை காய்ச்சி எடுத்து அடிப்பது ஒரு சூடு. முதல் பத்துப் பதினைந்து சூட்டில் ஒரு கிலோ சுத்தியல் போதும். கட்டியை அடைகல்லில் விளிம்பாக நிறுத்தி, உருட்டி உருட்டி, தட்டுவதுபோல் அடியுங்கள். ஒரு சூட்டுக்கு மூன்று நான்கு மி.மீ. நகர்ந்தால் அதுவே நல்ல வேகம். மெல்ல மெல்லச் சதுரக் கம்பியாக்குங்கள். விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த நொடியே நிறுத்தி, ஆறவிட்டு, கிரைண்டரால் படகுபோல் சரிவாகத் தோண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள். மேலே அடித்து மூடிவிடலாம் என்று நினைத்தால் அடுத்த சூட்டில் வெடிப்பு இரண்டு மடங்காகும், ஏனென்றால் உள்ளே செதில் புகுந்துவிட்டது, அது ஒட்டாது.

கட்டியின் பருமன் பாதியான பிறகு உலோகம் கைக்கு இணங்கத் தொடங்கும். அப்போதுதான் கை துணிந்து சூட்டையும் கூட்டத் தோன்றும், பெரும்பாலான கட்டிகள் போவது அந்த இடத்தில்தான். ஒரு கட்டியைத் தகடாக்க 40, 50 சூடு ஆகலாம். எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடாதீர்கள். ஒவ்வொரு சூட்டிலும் சிறு கார்பைடுகள் கரைந்து பெரியவை இன்னும் பெருக்கின்றன, வரி திரள்வது அதனால்தான்.

தவறி ஒரு முறை 1,000 டிகிரியைத் தாண்டிவிட்டால் வரி மறைந்துவிடும், கார்பைடு படிக எல்லைகளில் வலையாகப் படிந்து கம்பி நொறுங்கும் பதத்துக்கு வரும். வெடிக்காமல் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். 900-க்கும் 700-க்கும் இடையே அடிக்காமல் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, பிறகு மெதுவாக அடிக்கத் தொடங்குங்கள். வனேடியம் இருந்த இடத்திலேயே இருப்பதால் வரி மறுபடி திரளும்.

ஏணிப்படிபோல் குறுக்கே ஓடும் ஏணி வரி வேண்டுமானால், தகடு 7 மி.மீ. கனத்தில் இருக்கும்போது குறுக்கே 1.5 மி.மீ. ஆழத்தில் பள்ளங்கள் வெட்டி, சமமாகும்வரை அடியுங்கள். இறுதிக் கனத்தைவிடப் பக்கத்துக்கு 1 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மேல்தோல் கார்பன் இழந்தது, அதைச் சீவி எடுக்காவிட்டால் அமிலத்தில் எதுவும் தெரியாது.

தோய்ச்சலும் வரியும்

தோய்ச்சலுக்கு, அதாவது சூடான அலகை எண்ணெயில் இறக்கி இறுக்குவதற்கு, 780 டிகிரி, 5 நிமிடம் போதும். நீண்ட நேரம் ஊறவைத்தால் கார்பைடு கரைந்து அலகு உடையக்கூடியதாகும், வரியும் மங்கும். மாங்கனீஸ் மிகக் குறைவு என்பதால் ஆழமாக இறுகாது. 50 டிகிரிக்குச் சூடாக்கிய வேகமான தோய்ச்சல் எண்ணெயில் உடனே இறக்குங்கள். தண்ணீரில் இறக்கினால் பெரும்பாலும் விளிம்பு கீறும். கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் 190 டிகிரியில் இரண்டு முறை, தலா 2 மணி நேரம் பதம் இளக்குங்கள். அதன் பிறகு கிரைண்டரில் நீலம் ஏறவிடக் கூடாது, சாணை பிடிக்கும்போது வெறும் விரலால் பிடித்து, சுட்டால் தண்ணீரில் நனையுங்கள்.

800, பிறகு 1,200 நம்பர் தாளில் கையால் ஒரே திசையில் தேயுங்கள். பஃப் சக்கரம் வேண்டாம், அது மேற்பரப்பைப் பூசி வரியை மூடும். சர்க்யூட் போர்டு கரைக்க விற்கும் ஃபெர்ரிக் குளோரைடை ஒன்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீரில் கலந்து கொள்ளுங்கள். கையுறை போட்டு, அலகைச் சோப்பால் கழுவி, 15 விநாடி முக்கி எடுத்து, 2,000 நம்பர் தாளால் லேசாகத் துடைத்து, மறுபடி முக்குங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு கருத்த தரையில் வெள்ளை நூல் ஓடுவதுபோல் வரி எழும். ஒரே முறை நீண்ட நேரம் ஊறப்போட்டால் முகம் முழுக்கக் கருப்பாகிவிடும். கடைசியில் சமையல் சோடா கரைசலில் கழுவி, உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவுங்கள். குரோமியம் இல்லாத உருக்கு இது, எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு ஈரத்தோடு வைத்தால் அரை மணியில் கறை பிடிக்கும். தோலுறையில் போட்டு வைப்பதைவிட எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது.