லொறிக்கு டீசல் நிரப்பும்போது முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்துங்கள்

பம்பு தானாக நின்றதும் மேலும் அழுத்தாதீர்கள். அரை நிமிடம் பொறுத்து, குழாயின் முனையை மேல்நோக்கித் திருப்பி எடுங்கள். கீழே சொட்டுவது குறையும்.

டீசல் பெற்றோலைவிட அதிகம் நுரைக்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தினால் அந்த நுரைதான் தாங்கியின் வாய்வழியே பொங்கி வழிகிறது. இன்னொன்றும் உண்டு: நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ச்சியாக வரும் டீசல் வெயிலில் விரியும். 200 லீற்றர் டீசலின் வெப்பம் 15 பாகை ஏறினால் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கூடும். விளிம்புவரை நிரப்பிவிட்டு மட்டக்களப்பு மதிய வெயிலில் நிறுத்தினால் அது மூடி வழியே கசியும். காசு போவதைவிட, கல்முனை வீதி வளைவில் சிந்திய டீசலில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் சறுக்குவதே எனக்குப் பெரிய கவலை.

அறுவடைக் காலத்தில் அம்பாறை வயல்வெளிகளில் கான்களிலிருந்து புனல் வைத்து ஊற்றுவோருக்கு இந்த ‘டக்’ உதவாது. அங்கே தாங்கியின் கழுத்துக்கு நான்கு விரல் கீழேயே நிறுத்த வேண்டும். பாதி நிரம்புமுன்பே பம்பு திரும்பத் திரும்ப நின்றால், தாங்கியின் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.