இசுமோ கோயிலில் நான்கு முறை கைதட்டுங்கள்

ஜப்பானில் ஷிமானே பக்கம் போனால் இசுமோ தைஷா கோயிலை விட்டுவிடாதீர்கள். ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிந்தோவின் பெரும்பாலான கோயில்களில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிவார்கள். இங்கே கைதட்டல் மட்டும் நான்கு. முதலில் கை கழுவ வேண்டும். அகப்பையால் இடது கை, அப்புறம் வலது கை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து பிடியையும் கழுவிவிடும். எவ்வளவு அழகான பழக்கம்! பைன் மரங்களுக்கு நடுவே ஓரப் பாதையில் நடங்கள்; வேர்களைக் காக்க நடுப்பாதையில் நடக்க விடுவதில்லை. ககுராதென் மண்டபத்தில் சுமார் 13 மீட்டர் நீள வைக்கோல் கயிறு தொங்கும். அதில் காசு எறிந்து செருகாதீர்கள், கயிறு கெடும். காணிக்கைப் பெட்டி இருக்கிறதே.