புட்டிப்பால் குடிக்கையில் கைக்குழந்தைக்குப் புரையேறினால்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குப் புட்டியில் பால் கொடுக்கும்போது அடிக்கடி புரையேறினால், 'அவசரக் குடுக்கை, அப்படித்தான் குடிக்கும்' என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வேளைக்கும் அதே புட்டியை எடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. உண்மையில் பால் வரும் வேகத்தைப் பெருமளவு தீர்மானிப்பவை நிப்பிளின் துளையும், பெரியவர்கள் புட்டியைச் சாய்த்துப் பிடிக்கும் விதமுமே. முதலில் மாற்ற வேண்டியவையும் இவை இரண்டும்தான். இவற்றை மாற்றியும் நிற்காத புரையேற்றத்தையும், பின்னால் சொல்லப்படும் ஆபத்து அறிகுறிகளோடு வரும் புரையேற்றத்தையும் வீட்டு வைத்தியத்தால் பார்த்துக்கொள்ளக் கூடாது.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முறை தவறாமல் நடந்தால்தான் குழந்தையால் நிம்மதியாகப் பால் குடிக்க முடியும். விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்வதால் மூச்சு சற்றே நின்று, பிறகு தொடர்கிறது. இந்த இசைவு கர்ப்பத்தின் 34ஆவது வாரத்தை ஒட்டித்தான் கைகூடத் தொடங்குகிறது என்பதால், 35 அல்லது 36 வாரங்களில் பிறந்த குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தையைப் போலவே இருந்தாலும், பால் வேகமாக வரும்போது மூச்செடுக்க இடைவெளி கிடைக்காமல் தொடர்ந்து விழுங்கி, பாதிப் பாலிலேயே களைத்துவிடுவது உண்டு. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடுவதால், சாதாரணச் சளி அடைப்பு கூட இதே தொல்லையைத் தரும்; பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு மருத்துவர் சொன்ன உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டாலே சில குழந்தைகள் ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கிவிடும்.

குழந்தை விழித்திருந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைத் திருப்பித் தேடும் வேளையே பால் கொடுக்க ஏற்றது. வீறிட்டு அழும் குழந்தையை முதலில் சமாதானப்படுத்த வேண்டும். தூங்கும் குழந்தையின் வாயில் நிப்பிளைத் திணிப்பதும், துணியை முட்டுக்கொடுத்துப் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்வதும் கூடவே கூடாது.

புரையேறும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுப்பதைக் காட்டிலும், உங்கள் மடியில் பக்கவாட்டில் கிடத்தி, தலை இடுப்பைவிட நன்கு உயர்ந்தும், காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டிலும் இருக்குமாறு வைத்துக் கொடுப்பது நல்லது; வாயில் தேங்கும் பால் தொண்டைக்குள் ஓடாமல் கன்னத்தின் ஓரமாக வழிய இதில் வாய்ப்புண்டு. புட்டியைக் கவிழ்க்காமல், ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில், நிப்பிளின் பாதியளவே பால் நிற்கும்படி பிடியுங்கள். நிப்பிள் நிறையப் பால் இல்லாவிட்டால் காற்று போய்விடும் என்று பாட்டிமார் அஞ்சுவது இயல்பே. ஆனால் உள்ளே போன காற்று ஏப்பமாக வந்துவிடும், நுரையீரலுக்குள் போன பால் அப்படி வராது. நான்கைந்து முறை உறிஞ்சி விழுங்கியதும், நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலே புட்டியின் அடிப்பக்கத்தைத் தாழ்த்திப் பாலைப் புட்டிக்குள் வடியவிட்டு, குழந்தை இரண்டு மூன்று மூச்சு எடுத்து மீண்டும் உறிஞ்சத் தொடங்கியதும் பழையபடி உயர்த்துங்கள்.

இவ்வளவு நேரமும் உங்கள் பார்வை புட்டியின் அளவுக்கோட்டில் அன்று, குழந்தையின் முகத்திலும் கையிலும் இருக்க வேண்டும். புரையேறுவதற்கு முன்பே குழந்தையின் உடல் அதைச் சொல்லிவிடுகிறது: புருவம் உயர்கிறது, கண் அகல விரிகிறது, மடங்கியிருந்த விரல்கள் விறைத்து விரிகின்றன, கடைவாயில் பால் வழிகிறது, 'மடக் மடக்' என்ற சத்தம் மூச்சுக்கு இடமின்றித் தொடர்கிறது. இவற்றில் எதைக் கண்டாலும் புட்டியைத் தாழ்த்திவிடுங்கள். இருமல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிப்பிளின் மேல் அச்சிட்டிருக்கும் 'ஸ்லோ', 'நியூபார்ன்' போன்ற சொற்களை அப்படியே நம்பிவிட முடியாது. அவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவைக் குறிப்பவை அல்ல. புட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது பால் கம்பியாக ஒழுகினால் அந்த நிப்பிள் புரையேறும் குழந்தைக்கு ஆகாது. சொட்டுச் சொட்டாக விழுவதே ஏற்றது. குழந்தை சீக்கிரம் குடித்து முடிக்கட்டும் என்று ஊசியைக் காய்ச்சி நிப்பிளில் துளையைப் பெரிதாக்குவது இன்றும் நம் வீடுகளில் இருக்கும் பழக்கம், இதை முதலில் நிறுத்த வேண்டும். மறுபுறம், பால் வராமல் குழந்தை உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து, ஒரு வேளைக்கு 30 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புட்டிக்குப் பதிலாக, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். கழுவவும் கொதிக்க வைக்கவும் எளிது என்பதால் இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதில்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். ஆனால் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, முந்தைய வாய்ப் பாலை விழுங்கிய பிறகே அடுத்ததைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் ஊற்றுவதும், குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதும் நேராக நுரையீரலைத் தாக்கும்; எண்ணெயால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது.

பாலைக் கெட்டியாக்கினால் புரையேறாது என்று அரிசி மாவோ, கேழ்வரகுக் கூழோ, கூடுதல் பால் பவுடரோ சேர்க்காதீர்கள். கெட்டியாக்குவது சில குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் சிகிச்சைதான், ஆனால் அதிலும் ஆபத்து உண்டு: சாந்தன் பசை கொண்டு பாலைக் கெட்டியாக்கும் ஒரு பொருளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது, காரணம் உயிருக்கே ஆபத்தான குடல் அழற்சி.

முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுவான கணக்கு என்றாலும், அது முழு நாளுக்கான கணக்கே தவிர ஒவ்வொரு வேளையும் புட்டியைக் காலி செய்யக் கட்டளை அன்று. முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையின் வாயில் நிப்பிளைத் திருகித் திருகி மிச்சப் பாலை ஏற்றுவதால் புரையேற்றமும், நாளடைவில் புட்டியைக் கண்டாலே அழுகையும்தான் மிஞ்சும். முதல் மூன்று மாதங்களில் எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடி, சிறுநீரும் தாராளமாகப் போனால், இன்று 20 மில்லி மிஞ்சியதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

குடிக்கும்போது உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, குடித்தபின் மூச்சில் கரகரப்புக் கேட்பது, நெற்றி வியர்த்துக் களைப்பது, பால் மூக்கு வழியே வருவது, எடை ஏறாதது, திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சலோ நிமோனியாவோ வருவது ஆகியவை தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். வியர்வையும் களைப்பும் இதயக் கோளாறைக் காட்டலாம். மூக்கு வழியே பால் வருவதன் பின்னே கண்ணில் படாத அண்ணப் பிளவு (மேல்வாயில் உள்ள பிளவு) இருக்கலாம். பிறந்த குழந்தை வாயில் நுரை தள்ளி முதல் பாலுக்கே திணறினால், உணவுக்குழாய்க் கோளாறு உண்டா என்று பார்க்கும்வரை பால் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு இருமலே வராமலும் பால் நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பதால், 'எங்கள் குழந்தை இருமுவதில்லையே' என்று நிம்மதியடைந்துவிட முடியாது.

புரையேறிய குழந்தை இருமினால் புட்டியை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் திருப்பி, இருமவிடுங்கள். அழுகையும் இருமலும் வராமல் நீலம் பாய்ந்தால், உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டி, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்தி, மூச்சு வரும்வரை இதையே மாறி மாறிச் செய்ய வேண்டும். உடனிருப்பவர் அதே நேரத்தில் 108ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் 108இல் பேசுபவர் சொல்லும்படி உயிர்காப்பு முதலுதவியை (CPR) தொடங்குங்கள். உச்சந்தலையில் தட்டுவதும் ஊதுவதும் எதற்கும் உதவாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் புட்டியையும் நிப்பிளையும் பாலையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை குடிப்பதை நேரில் பார்க்காமல் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம், வீட்டில் ஒரு வேளை குடிக்கும்போது கைபேசியில் எடுத்த காணொளியும் பயன்படும். தேவைப்பட்டால், விழுங்குவதில் வரும் சிக்கல்களையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பி, பேரியம் கலந்த பாலைக் கொடுத்து, அது தொண்டையில் இறங்கும் வழியை எக்ஸ்ரே படமாகப் பார்ப்பார்கள்.