205, 192, 177.25: அசைன்மென்ட்டில் சான்று காட்டுவது எப்படி?

காவிரியில் கர்நாடகம் வருடத்துக்கு எத்தனை டிஎம்சி தண்ணீர் விட வேண்டும்? முதுகலை படித்தபோது இந்தக் கேள்வி எங்கள் அசைன்மென்ட்டில் ஓரிடத்தில் வந்தது. ஒருத்தி 205 என்று எழுதினாள். இன்னொருவன் 192 என்றான். நான் 177.25 என்று எழுதினேன். மூன்று தாளிலும் சிவப்பு மையில் ஒரே சொல்: "எங்கிருந்து?"

வேடிக்கை என்னவென்றால் மூன்றும் சரி. 205 என்பது 1991-ல் நடுவர் மன்றம் தந்த இடைக்கால உத்தரவு. 192 என்பது அதே மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. 177.25 என்பது 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 419 என்றுகூட ஒருவர் எழுதலாம். அது 2007-ல் தமிழ்நாட்டுக்குச் சொன்ன மொத்த ஒதுக்கீடு. எந்த ஆண்டு, யார் சொன்னது என்று பக்கத்தில் போடாதவரை இந்த நான்கு எண்களும் அநாதைகள்தான்.

சான்று என்பது ஒரு முகவரி. உங்கள் தாளைப் படிப்பவர் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பார்த்த அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிக் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. ராஜராஜன் குடியமர்த்திய சுமார் 400 ஆடல் மகளிரின் பட்டியல் அது. பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் கதவைத் தட்டலாம் போலிருக்கும். நாம் போடும் துணைநூல் பட்டியலுக்கும் அவ்வளவு துல்லியம் போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: படிக்கும்போதே குறித்து வையுங்கள்

இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. நான் செய்யவில்லை. ஒரு நூலகத்தில் பழைய நூல் ஒன்றிலிருந்து முப்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறிவிட்டேன். தாளைக் கொடுக்க வேண்டிய முதல் நாள் இரவு பார்த்தால், ஜெராக்ஸில் நூலின் பெயரே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இயலின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. காலையில் திரும்பவும் தஞ்சாவூர் போனேன். அன்று நூலகத்துக்கு வார விடுமுறை.

அதனால், நூலைக் கையில் எடுத்ததும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம்தான் முக்கியம். பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். தமிழ் நூல்களில் "முதற்பதிப்பு" என்று ஓர் ஆண்டும் "நான்காம் அச்சு" என்று இன்னோர் ஆண்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டைப் போடுங்கள். பக்க எண் அந்தப் பதிப்புக்குத்தான் பொருந்தும். வேறு பதிப்பில் அதே வரி பத்துப் பக்கம் தள்ளிப் போயிருக்கும்.

நோட்டில் குறிப்பு எடுக்கும்போது பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரியிலேயே நூலின் பெயரை எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு குறிப்புக்கும் இடப்பக்கம் பக்க எண். நூலில் உள்ள சொற்களை அப்படியே எழுதினால் அப்போதே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது எது உங்கள் வாக்கியம், எது ஆசிரியருடையது என்று உங்களுக்கே தெரியாது.

படி 2: எந்த முறை என்று ஆசிரியரிடம் கேளுங்கள்

சான்று காட்டுவதில் மூன்று முறைகள்தான் அதிகம் காதில் விழும். சமூக அறிவியல், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை, இப்போது ஏழாம் பதிப்பு). இலக்கியத்தில் எம்எல்ஏ, தொகுதிப் பக்கம் வராத எம்எல்ஏ இல்லை, இது வேறு. வரலாற்றில் பெரும்பாலும் அடிக்குறிப்பு போடும் சிகாகோ முறை. நம் தமிழ்த் துறைகளில் "மேலது, ப. 45" (மேலே சொன்ன அதே நூல், பக்கம் 45) என்று போடும் பழைய வழக்கமும் இருக்கிறது.

எது நல்லது என்று விவாதிக்காதீர்கள். துறை எதைக் கேட்கிறதோ அதைத் தாள் முழுக்க ஒரே மாதிரி பின்பற்றுங்கள். கீழே நான் ஏபிஏ முறையைத்தான் காட்டுகிறேன். ஆங்கில நூலின் பெயரை உங்கள் தாளில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

படி 3: நூலில் தொடங்குங்கள்

தஞ்சை மாவட்டக் கிராமங்களைப் பற்றி எழுதும் யாரும் மானிடவியலாளர் காத்லீன் கஃப் நூலைத் தாண்டிப் போக முடியாது. பட்டியலில் அது இப்படி வரும்:

கஃப், கே. (1981). ரூரல் சொசைட்டி இன் சவுத்ஈஸ்ட் இந்தியா. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ்.

ஆசிரியர், ஆண்டு, நூல், பதிப்பகம். நூலின் பெயர் சாய்வெழுத்தில். ஏழாம் பதிப்பிலிருந்து பதிப்பகத்தின் ஊரைப் போடத் தேவையில்லை. சில துறைகள் இன்னும் கேட்கும், கேட்டால் போட்டுவிடுங்கள். கட்டுரைக்குள் அந்த நூலைச் சொல்லும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் கஃப், 1981, பிறகு பக்க எண். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் பெயர் சுலபம். நம் பெயர்தான் தகராறு. ஏபிஏ குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்து அப்பாவின் பெயர் அல்லவா. மு. செல்வி என்று ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். "செல்வி, மு." என்று போட்டால் சரியாக வந்துவிடும். அதே ஆள் ஆங்கில இதழில் செல்வி முருகன் என்று எழுதியிருந்தால், மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு "முருகன், எஸ்." என்று மாற்றிவிடும். கட்டுரையை அப்பா எழுதியதாக ஆகிவிடும்! இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது இது: அந்த ஆசிரியர் தன் பழைய கட்டுரைகளைத் தானே எப்படிச் சுட்டுகிறார் என்று பார்ப்பேன். அவர் எப்படியோ, நானும் அப்படியே. ஒரே ஆளைப் பட்டியலில் இரண்டு பெயரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். முனைவர், பேராசிரியர், புலவர் போன்ற பட்டங்களும் பட்டியலில் வராது. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

படி 4: மற்ற அச்சுச் சான்றுகள்

ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், அடைப்புக்குள் இதழ் எண், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரைக்குத் தரும் நிரந்தர அடையாள எண்) இருந்தால் கடைசியில் சேருங்கள். இணையதளம் இடம் மாறினாலும் அந்த எண் கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பலர் எழுதிய தொகுப்பு நூல் என்றால், கட்டுரையை எழுதியவர்தான் ஆசிரியர். அட்டையில் பெயர் இருப்பவர் பதிப்பாசிரியர். இரண்டையும் மாற்றிப் போடுவது முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

முனைவர் பட்ட ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) கிடைத்தால், ஆய்வேடு என்பதையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள். அரசாணைக்கு எண், துறை, நாள் மூன்றும் வேண்டும். சட்டத்துக்குப் பெயரும் ஆண்டும் பிரிவு எண்ணும்: தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020, அதில் இன்ன பிரிவு.

தீர்ப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நம் காவிரித் தீர்ப்பு இப்படி இருக்கும்: கர்நாடக மாநிலம் எதிர் தமிழ்நாடு மாநிலம், (2018) 4 எஸ்சிசி 1. எஸ்சிசி என்பது சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு. வழக்கின் பெயர், தீர்ப்புத் தொகுப்பு வந்த ஆண்டு, நான்காம் தொகுதி, தொகுப்பின் பெயர், முதல் பக்கம். தீர்ப்பு கையில் கிடைக்கும்போது செய்தித்தாளைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

படி 5: நம் ஊர்ச் சான்றுகள்

வழிகாட்டிப் புத்தகங்களில் அதிகம் இல்லாத பகுதி இது. டெல்டாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதுதான் அதிகம் வேண்டும்.

கல்வெட்டு: கோயிலில் நேரில் பார்த்தாலும், அச்சில் வந்த பாடத்தைக் காட்டுவதுதான் வழக்கம். மேலே சொன்ன தளிச்சேரிக் கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66. இதில் பக்க எண்ணைவிடக் கல்வெட்டு எண் முக்கியம். "பெரிய கோயில் கல்வெட்டு" என்று மொட்டையாக எழுதினால், அங்கே சுவர் முழுக்க எழுத்து. எந்தச் சுவரைப் பார்ப்பது?

ஓலைச்சுவடி: சரசுவதி மகால் நூலகத்தில் பார்த்திருந்தால், நூலகத்தின் பெயர், ஊர், சுவடி எண், ஏடு எண், ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பது வரை எழுதுங்கள். அதே சுவடியின் அச்சுப் பதிப்பைப் படித்துவிட்டு சுவடி எண்ணைப் போடுவது பொய் சொல்வதற்குச் சமம். அச்சு நூலைப் பார்த்தால் அச்சு நூலின் முகவரி.

பழந்தமிழ் நூல்: பக்க எண் வேண்டாம், அடி எண் போடுங்கள். "வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி" என்பது பட்டினப்பாலை, அடிகள் 5–6. யார் எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் கிடைத்துவிடும். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பது பட்டியலில் ஒருமுறை இருந்தால் போதும். பாட வேறுபாடு வந்தால் அது கைகொடுக்கும்.

நேர்காணல்: ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பிக் குறுவை போட்ட காலத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுகிறீர்கள். ஏபிஏ முறையில் இது பட்டியலில் வராது. படிப்பவர் போய்ப் பார்க்க அதற்கு முகவரி இல்லையே. கட்டுரைக்குள்ளேயே பெயர், நேரடி உரையாடல் என்ற குறிப்பு, நாள் மூன்றையும் போட்டுவிட வேண்டும். வரலாற்றுத் துறை அடிக்குறிப்பில் ஊரையும் வயதையும் சேர்க்கச் சொல்லும்.

"உங்க பேரைப் போட்டுக்கலாமா பெரியப்பா?" என்று முதலிலேயே கேளுங்கள். குத்தகை, கூலி, சாதி என்று பேச்சு போனால் பலர் தயங்குவார்கள். தயங்கினால் "விவசாயி, 74 வயது" என்று மட்டும் போடுங்கள். கஃப் தன் நூலில் கும்பப்பேட்டை என்று எழுதிய ஊரின் உண்மைப் பெயர் அது அல்ல. மக்களைக் காப்பாற்ற ஊரின் பெயரையே மாற்றினார். அது தெரியாமல் வரைபடத்தில் ஒரு மாலை முழுக்கத் தேடியவன் நான்.

படி 6: பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள்

1906-ல் வந்த ஹெமிங்வேயின் தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) எல்லாக் கட்டுரையிலும் தலைகாட்டும். பலர் அதைத் திறந்ததே இல்லை. வேறொரு நூலில் இருந்த மேற்கோளை எடுத்துக்கொண்டு கெஜட்டியரின் பக்க எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒருவர் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால், அடுத்து எழுதும் பத்துப் பேரும் அதே தப்பைப் போடுவார்கள். "ஹெமிங்வே, 1906" என்று சொல்லி, அதை எடுத்துக்காட்டிய நூலையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் வரட்டும்.

சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதுதான், சான்று வேண்டும். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது போன்ற ஊரறிந்த செய்திக்கு வேண்டாம். யுஜிசி 2018-ல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிமுறைகளில், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூல் பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது.

படி 7: இணையம்

எழுதியவர் (இல்லையென்றால் அமைப்பின் பெயர்), நாள், தலைப்பு, தளத்தின் பெயர், முழு முகவரி. "கூகுள்" என்று போடாதீர்கள். கூகுள் வழி காட்டியது, அவ்வளவுதான். அரசுத் தளங்கள் அடிக்கடி இடம் மாறும். பார்த்த அன்றே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் தளம்) சேமித்துவிட்டால் நிம்மதி.

விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், ஆனால் கட்டுரையின் அடியில் இருக்கும் சான்றுகளைத் திறந்து படித்து அவற்றைக் காட்டுங்கள். யூடியூப் என்றால் பதிவேற்றியவர் பெயரும், பேச்சு வரும் நிமிடமும். வாட்ஸ்அப்பில் வந்த "அரிய தகவல்" எந்த முறையிலும் சான்று ஆகாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் துணைநூல் பட்டியலைக் கண் சிமிட்டும் நேரத்தில் தரும். ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். நூல் மட்டும் உலகத்தில் இருக்காது. ஒவ்வொன்றையும் நூலகத் தளத்தில் தேடிப் பாருங்கள். அதைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக

சோட்டெரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானாகவே போட்டுத் தரும். ஆனால் தமிழ்ப் பெயர்களில் அது செய்ததை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அகரவரிசையையும் பாருங்கள், சில மென்பொருள்களில் ன-வும் ற-வும் இடம் மாறி உட்காரும்.

பிறகு தாளை அச்செடுத்து ஒரு பென்சிலோடு உட்காருங்கள். கட்டுரைக்குள் ஒரு பெயர் வரும்போதெல்லாம் பட்டியலில் அந்தப் பெயருக்கு ஒரு டிக். முடிவில் டிக் விழாத நூல் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் கட்டுரையில் இருந்தால் சேருங்கள். அதன் பிறகு ஸ்பைரல் கடைக்குக் கிளம்பலாம்.