கெமிக்கல் பிளான்ட்டுக்கு புதுசா வாற பெடியள் விடுற பிழைகள்

ஹெல்மெட் போடு, கையுறை போடு எண்டதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பாங்கள், அதை விடுவம். பியகம, சப்புகஸ்கந்த பக்கம் வேலைக்கு வாற பெடியள், நாங்கள் அந்த நாளில விட்ட அதே பிழைகளை அப்பிடியே விடுறதைப் பார்த்துத்தான் எழுதுறன்.

பைபாஸ் போட்டிட்டு விடுறது

இதுதான் எனக்கு இண்டைக்கும் எரிச்சல் வாற விஷயம். சொல்வென்ட் டாங்கில ஹை லெவல் சுவிட்ச் (டாங்க் நிரம்பி வழியாம பம்பை நிப்பாட்டுற சுவிட்ச்) சும்மா சும்மா பம்பை நிப்பாட்டுது, வெளியில பவுசர்காரர் ஹோர்ன் அடிக்கிறார், உடனே பெனலைத் திறந்து ரெண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால தொடுத்து விட்டா, அதுதான் பைபாஸ், பம்ப் ஓடும். அப்பிடி ஒரு சிவப்பு வயரை ஒரு இடத்தில கண்டனான், வேற ஃபோல்ட் ஒண்டு தேடேக்க. டேக் இல்லை, லொக் புக்கில ஒரு வரி இல்லை, ஆர் போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா கிழமைக்குக் கிழமை அந்த டாங்குக்கு பவுசர் இறங்கிக்கொண்டே இருந்தது.

இங்கிலாந்தில, பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் டிப்போவில 2005 டிசம்பர் 11 என்ன நடந்தது? 912ஆம் நம்பர் டாங்கின்ர லெவல் கேஜ் இறுகிப்போச்சு, ஓகஸ்ட் கடைசியில இருந்து 14 தரம் இறுகின கேஜ் அது. கடைசிக் காவலா இருந்த தனி சுவிட்ச்சும் வேலை செய்யேல்லை, ஏனெண்டா அதின்ர டெஸ்ட் லீவரைப் பிடிச்சு வைக்கிற ஆமைப்பூட்டைப் போடேல்லை, அந்தப் பூட்டு எதுக்கெண்டே அங்க விளங்கேல்லை. பெற்றோல் மேலால வழிஞ்சு, ஆவி பரவி வெடிச்சுது. ஞாயிறு விடிய 6 மணி எண்டபடியா ஒருத்தரும் சாகேல்லை, 40 பேருக்கு மேல காயம்.

பைபாஸ் போட்டே ஆகவேணுமெண்டா பொறுப்பானவர் கையெழுத்து வைக்கவேணும், எப்ப கழட்டுறதெண்டு டேக்கில இருக்கவேணும், அதுவரைக்கும் டாங்கடியில லெவல் பார்க்க ஒரு ஆள் நிக்கவேணும். கழட்டினாப் பிறகு சுவிட்ச்சின்ர ஃப்ளோட்டைக் (மிதவையை) கையால தூக்கிப் பாருங்கோ, பம்ப் நிக்குதா எண்டு. ஸ்கிரீனில பச்சை லைட் எரியுறதை நம்பி கையெழுத்து வைக்காதேங்கோ.

தற்காலிக பைப்

இங்கிலாந்தில ஃபிளிக்ஸ்பரோ கெமிக்கல் பிளான்ட், 1974. கழட்டின ரியாக்டருக்குப் பதிலா போட்ட தற்காலிக பைப் உடைஞ்சு, ஆவி வெடிச்சு, 28 பேர் போயிட்டினம்.

ஷிஃப்ட் மாறேக்க

லொக் புக் சிங்களத்தில இருக்கும், வாசிக்கத் தெரியாட்டி வெக்கப்படாம கேளுங்கோ, போறவர் கேட்டைத் தாண்ட முதல் கேளுங்கோ. வடகடல் எண்ணெய் மேடை பைப்பர் அல்ஃபாவில 1988இல, சேஃப்டி வால்வ் கழட்டின பம்பை அது தெரியாம அடுத்த ஷிஃப்ட் ஸ்டார்ட் பண்ணினது, 167 பேர் போயிட்டினம்.

குளோரின் மணத்தா

காத்துக்குக் குறுக்கால விலகி, காத்து வாற பக்கமா, மேட்டுக்குப் போங்கோ. குளோரின் காத்தை விடப் பாரம், பள்ளத்திலதான் தேங்கும்.