கோடை ஆய்வுக்குப் பள்ளி மாணவர் வருகிறாரா? முதல் வாரத்தை இப்படித் திட்டமிடுங்கள்

பள்ளி மாணவர் உங்கள் ஆய்வகத்தில் இருக்கப்போகும் ஆறு வாரம் என்பது மிகக் குறைவு. ஆய்வகத்தின் பெரிய கேள்வியில் ஒரு துண்டைக் கொடுத்தால், மாணவர் கையில் எதுவும் மிஞ்சாது. ஏற்கெனவே சீராக ஓடும் ஒரு செய்முறையை எடுத்து, அதில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் கேள்வியாகக் கொடுங்கள். வெப்பநிலை, அமிலத்தன்மை, செறிவு, ஏதாவது ஒன்று போதும்.

முதல் நாளே மாதிரிகளைத் தொட விடாதீர்கள். பிப்பெட்டையும் (சிறு அளவுத் திரவத்தை உறிஞ்சி ஊற்றும் கருவி) தண்ணீரையும் கொடுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 0.1 கிராம். நுண்தராசில் பத்து முறை ஊற்றி எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எடை 0.1 கிராமைவிடக் கூடுதலாக இருந்தால், உறிஞ்சும்போதே பிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தத்தைத் தாண்டி, மிச்சத் துளியை வெளித்தள்ளும் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்துகிறார் என்று பொருள். குறைவாக இருந்தால், பொத்தானைச் சட்டென விட்டுக் காற்றை இழுத்திருப்பார். பத்தும் 2 சதவீதத்துக்குள் நிற்கும்வரை செய்யட்டும். பிழையைத் தானே கண்டுபிடிக்கும் மாணவருக்கு வரும் நம்பிக்கை விலைமதிப்பில்லாதது.

பெற்றோர் ஒப்புதல், பாதுகாப்புப் பயிற்சி, வயது வரம்பு விதிகள் ஆகியவற்றை இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பெரும்பாலும் தாமதம் இங்கேதான். 18 வயது நிரம்பாதவரை ஆய்வகத்தில் ஒருபோதும் தனியே விடக்கூடாது.

பொறுப்பைப் பேராசிரியரிடம் விடுவதைவிட ஓர் ஆராய்ச்சி மாணவரிடம் கொடுப்பது நல்லது. தினமும் காலையில் 15 நிமிடம் அவர் பள்ளி மாணவரின் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும்: தேதி, பேனா எழுத்து, அழிக்காமல் ஒற்றைக் கோடால் அடித்த திருத்தம். கடைசி வாரத்தில் புதுச் சோதனை வேண்டாம். அது, ஆய்வு முடிவுகளை விளக்கும் சுவரொட்டி தயாரிக்க.