பிசியோதெரபி படிக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய ஓ.பி. வரிசை

சித்தி மகன் இந்த வருடம் பிளஸ் டூ. "அக்கா, நானும் உன்னை மாதிரி பிசியோ படிக்கவா?" என்று ஒரு ராத்திரி கேட்டான். வாட்ஸ்அப்பில் பதினேழு குரல் செய்தி அனுப்பி முடித்தபிறகுதான், இதை உட்கார்ந்து எழுதியே வைத்திருக்கலாமே என்று தோன்றியது. நான் பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலைப் பட்டம்) முடித்து ஏழு வருடம் ஆகிறது. வழியில் நானே ஒரு இடத்தில் நன்றாகத் தடுக்கி விழுந்தேன். அந்த இடத்தைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பிசியோதெரபி என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை. அரசுத் தமிழில் இயன்முறை மருத்துவம். எங்கள் நோயாளிகளின் தமிழில் 'கரண்ட் வைக்கிற இடம்'.

1. இரண்டு நாள் போய் உட்காருங்கள்

விண்ணப்பம், மார்க் எல்லாம் அப்புறம். பக்கத்து அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போய், "இந்தப் படிப்பு படிக்கலாம்னு இருக்கேன், ஓரமா உட்கார்ந்து பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது மெஷினை அல்ல. எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போட்டு, விறைத்துப்போன முழங்கையோடு ஒருவர் வருவார். நேற்று மடங்கிய அளவைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக மடக்குவார்கள். நாளையும் அதேதான். இதைப் பார்க்கையில் கொட்டாவி வந்தால் வேறு படிப்பு பாருங்கள், தப்பே இல்லை. இந்த வேலையில் முக்கால்வாசி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதும், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவதும்தான்.

2. பேப்பர் வேலை

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, இவற்றையெல்லாம் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்: பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022 முதல்), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகும், விடாதீர்கள்.

3. விண்ணப்பம்

அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் இருக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. நர்சிங், பி.பார்ம். போன்ற துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து ஒரே விண்ணப்பம். திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் வேலூர் சி.எம்.சி.க்கும் விண்ணப்பம் தனி.

4. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது (நான் விழுந்த இடம்)

நான் கல்லூரி பார்க்கப் போனபோது பார்த்தது எதை? கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. வகுப்பு, லேபில் வரிசையாக நின்ற எலும்புக்கூடுகள். அப்பாவுக்கும் பிடித்துப்போனது. அட்வான்ஸ் கட்டிவிட்டோம். கல்லூரிக்குப் பின்னால் இருந்த மருத்துவமனையை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அது ஒரு சின்ன கிளினிக். கழுத்து வலி, முதுகு வலி, மூட்டுத் தேய்மானம், இதைத் தாண்டி அங்கே கேஸே வராது. பக்கவாதம் வந்தவரை நான்கு வருடத்தில் நான் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் பார்த்தேன், அதுவும் தூரத்திலிருந்து. நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைத் தோழிகள் மேலேயே செய்து பார்த்துத் தேர்வும் எழுதிவிட்டோம். தோழி எங்கே பக்கவாதக்காரர் மாதிரி கனப்பாள்? அவளே பாதி எழுந்துவிடுவாள்.

பயிற்சிக் காலத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போட்டார்கள். முதல் வாரம், எண்பது கிலோ இருக்கும் ஒரு பெரியவர், பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்திருந்தது. உட்கார வைக்கச் சொன்னார்கள். நான் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தேன். சீனியர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. செயலிழந்த பக்கத்துத் தோளில் தசை பிடிமானமே இருக்காது, மூட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் இறங்கும், வலி மாதக்கணக்கில் நிற்கும். புத்தகத்தில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் என் கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள்:

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கல்யாண வீடு மாதிரி வரவேற்பு கொடுப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. நேராக மருத்துவமனைப் பக்கம் போய் ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். எலும்பு மருத்துவம், நரம்பியல், ஐ.சி.யூ., குழந்தைகள் பிரிவு, இந்த நாலும் அதே வளாகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை வாரம்? "டை-அப் இருக்கு" என்று அலுவலகத்தில் சொன்னால், எந்த மருத்துவமனையோடு என்று பெயரைக் கேளுங்கள்.

அப்புறம் கேன்டீனுக்குப் போய் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நேத்து நீங்க எத்தனை பேஷன்ட்டைத் தொட்டீங்க?" எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். தொட்டதைக் கேட்டால்தான் உண்மை வரும். ஐந்தாறு என்றால் நல்லது. சிரித்து மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

முதுகெலும்பில் அடிபட்டவர் படுக்கையிலிருந்து வீல்சேருக்கு வந்து, அதை ஓட்டப் பழகி வீட்டுக்குப் போகிறவரைக்கும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் அந்த மாணவருக்கு யோகம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் அதைத்தான் செய்கிறது. அதற்கு வழி வகுத்த டாக்டர் மேரி வர்கீஸே, 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்காது, எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரியை எடைபோட ஒரு அளவுகோல் வேண்டும் இல்லையா?

இன்னொன்று: டிகிரியின் பெயர் பி.பி.டி. என்று இருக்கிறதா, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா (அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகமா) என்று பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். கல்லூரி நோட்டீஸில் இருப்பது போதாது. 'ஆறு மாத பிசியோதெரபி டிப்ளமோ' போர்டுகள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று இருக்கின்றன.

5. வாங்க வேண்டிய சாமான்

கோணம் அளக்கிற கோனியோமீட்டர், முட்டியில் தட்டுகிற சுத்தியல், இன்ச் டேப், ஸ்டெதஸ்கோப். அவ்வளவுதான். கோனியோமீட்டர் மட்டும் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். கடைக்காரர் ஸ்டீலைக் காட்டி "லைஃப் லாங் வரும் மேடம்" என்பார். வரும்தான், ஆனால் அடியில் இருக்கும் எலும்பு மேட்டை மறைத்துவிடும். முழங்காலை அளக்க, கோனியோமீட்டரின் நடு அச்சைத் தொடை எலும்பின் வெளிப்புற மேட்டில் வைத்து, அதன் ஒரு கையை இடுப்புப் பக்க மேட்டுக்கும் இன்னொன்றை வெளிக்கணுக்காலுக்கும் நீட்ட வேண்டும். அடியில் தெரிந்தால்தான் சரியாக வரும். போன் ஆப்பில் அளக்கலாம் என்பவர்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். முதலாண்டிலேயே கரண்ட் மெஷின் வாங்காதீர்கள்.

6. முடிக்கும்போது

வெளிநாடு போகும் எண்ணம் துளி இருந்தாலும், பயிற்சி முடிவதற்குள் பாடத்திட்டப் பிரதியையும், எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற கடிதத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். அமெரிக்கா போக உங்கள் படிப்பை அங்கத்திய படிப்போடு பாடம் பாடமாக ஒப்பிடுவார்கள், அதற்குப் பிறகுதான் உரிமத் தேர்வு. பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் கல்லூரியில் பழைய முதல்வர் இருக்க மாட்டார், பழைய பாடத்திட்டமும் இருக்காது.

சம்பளத்தை மறைக்க வேண்டாம். என் முதல் சம்பளம் 12,000. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிற வேலைகள் வந்தன. ஒப்பந்த வேலைதான், சம்பளமும் குறைவு. ஆனால் கட்டிலை நகர்த்தக்கூட இடமில்லாத வீட்டில் ஒருவரை எழுப்பி நிறுத்தப் பழகியவருக்கு எந்தக் கிளினிக்கும் பயமாக இருக்காது. எம்.பி.டி. (முதுகலை) இரண்டு வருடம், உடனே சேராதீர்கள். ஒரு வருடமாவது வேலை பார்த்தால்தான் எந்தப் பிரிவு உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியும்.

பின்சேர்க்கை 1: கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த தங்கை ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் குரூப்பில் உயிரியல் இல்லையென்றால் முடியாதும்மா. பதினோராம் வகுப்பு சேரும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது, நான் மேலே சொல்ல மறந்துவிட்டேன்.

பின்சேர்க்கை 2: 'பி.பி.டி. நாலரை வருடம்தானே?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் படித்தது நாலரை வருடம். 2021 சட்டப்படி துணை மருத்துவப் படிப்புகளுக்காக அமைந்த தேசிய ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் 5 வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. சேர்க்கைக்கு நீட் என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் சேருகிற ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். என்னை நம்பாதீர்கள், யூடியூபையும் நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை 3: பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா? 2025 செப்டம்பரில் போடக்கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் கடிதம் எழுதியது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. என்னை நோயாளிகள் 'சிஸ்டர்' என்கிறார்கள், பாட்டிகள் 'பாப்பா' என்கிறார்கள். கையை இழுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேனே, அந்தப் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகிறவரை என்னை 'ஏ இழுப்பு' என்றுதான் கூப்பிட்டார்.